இழவு வீட்டு வாசலில் பேச்சுரிமை

நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போகவேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். பங்காளிச் சண்டையால் பத்து ஆண்டுகள் முகம் பாராதிருந்தவர்களும் சாவுச் செய்தி எட்டியவுடன் புறப்பட்டு விடுகிறார்கள். வந்து கோடி போடுகிறார்கள். பாடைக்குத் தோள் கொடுக்கிறார்கள். பழைய கணக்குகளை அன்றைக்கு யாரும் எடுப்பதில்லை. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நாமும் இவ்வழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிடவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தமிழர் மறைந்தால், அதுவரை அவரோடு நெருங்கிப் பழகாதவரும் சுடுகாடு வரையில் உடன் செல்கிறார்.

துக்கம் நடக்கும் இடத்தில் இறந்தவரை ஏசலாகாது என்பதை நாம் எந்தச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால், ஒரு கூட்டத்தார் இவ்வழக்கத்தை வேண்டுமென்றே மீறினால் என்ன செய்வது? சவ அடக்கம் நடக்கும் நேரம் பார்த்து, இறந்தவரையும் அவர் பிறந்த நாட்டையும் சபிக்கும் வாசகங்களை அட்டைகளில் எழுதி ஏந்திக்கொண்டு தெருவில் வந்து நின்றால், சட்டம் அவர்கள் வாயை அடைக்கலாமா? அடைத்தால் பேச்சுரிமை என்னவாகும்? அடைக்காவிட்டால் துக்கப்படுகிறவனின் கதி என்னவாகும்?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்காவில் மகனைப் போர்க்களத்திற்குக் கொடுத்த ஒரு தந்தை, இந்தக் கேள்விக்கு விடை வேண்டி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரையில் போராடினார். அந்த வழக்கின் வரலாற்றையும், அதில் இரு தரப்பிலும் கூறப்பட்ட நியாயங்களையும், நம் நாட்டுச் சட்டம் இதே கேள்வியை எவ்வாறு அணுகுகிறது என்பதையும் இங்கே ஆராய்வோம்.

வழக்கின் வரலாறு

கான்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரான டொபீகாவில் வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச் என்ற சிறிய சபை ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டில் ஃபிரெட் ஃபெல்ப்ஸ் என்பவர் அதைத் தொடங்கினார். சபையினரில் பெரும்பாலோர் அவருடைய மக்களும் மருமக்களும் பேரக் குழந்தைகளுமே ஆவர். தன்பாலினச் சேர்க்கையை அமெரிக்கா பொறுத்துக்கொள்வதால் கடவுள் அந்நாட்டை வெறுத்துத் தண்டிக்கிறார். போரில் வீரர்கள் மடிவது அத்தண்டனையின் ஒரு பகுதி. ஆகையால் அச்சாவுகளுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்தவேண்டும் என்பது அவர்கள் போதனை. இத்தகைய போதனையைக் கேட்கத் தாமாக யார் வருவார்கள்? எனவே, ஊர் மக்களும் பத்திரிகை நிருபர்களும் திரளாகக் கூடும் இடங்களைத் தேடி அவர்கள் போகலானார்கள். போர்வீரர்களின் சவ அடக்கம் அத்தகைய இடமாக அவர்களுக்குப் பட்டது. இருபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் ஏறத்தாழ 600 சவ அடக்கங்களின்போது அவர்கள் இவ்வாறு நின்றிருக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே குறிப்பிடுகிறது.

2006-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3-ஆம் தேதி, மாத்யூ ஸ்னைடர் என்ற இளம் மரைன் படைவீரர் இராக்கில் கடமையாற்றுகையில் உயிர் நீத்தார். அவருடைய சவ அடக்க வழிபாடு மார்ச் 10-ஆம் தேதி மேரிலாந்து மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரிலுள்ள கத்தோலிக்கக் கோவிலில் நடைபெற்றது. ஃபெல்ப்ஸ் தம் இரு மகள்களையும் நான்கு பேரக் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அந்நகருக்கு வந்தார். அந்த வீரரை அவர்கள் அறிந்தவர்கள் அல்லர். அவர் வாழ்க்கைக்கும் அவர்கள் போதனைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

வருவதாக முன்கூட்டியே போலீசாருக்கு அவர்கள் தெரிவித்திருந்தார்கள். போலீசார் காட்டிய இடத்தில்தான் நின்றார்கள். அது பொதுத் தெருவை அடுத்த பொது நிலம். 10 அடிக்கு 25 அடி அளவுள்ளது. கோவிலிலிருந்து ஏறத்தாழ 1,000 அடி தொலைவில் இருந்தது. இடையில் கட்டடங்களும் இருந்தன. வழிபாடு தொடங்குவதற்கு முன் சுமார் அரைமணி நேரம் அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், வேத வசனம் படித்தார்கள். கோவில் வளவுக்குள் அவர்கள் நுழையவில்லை, கல்லறைக்கும் போகவில்லை, கூச்சலிடவோ கலகம் செய்யவோ இல்லை. சவ ஊர்வலம் அவர்கள் நின்ற இடத்துக்கு 200 அல்லது 300 அடிக்குள் சென்றபோது, தந்தையின் கண்ணில் பட்டவை அட்டைகளின் மேல்விளிம்புகள் மட்டுமே. அவற்றில் எழுதியிருந்தது இன்னதென்று அன்றிரவு செய்தி ஒளிபரப்பைப் பார்க்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

தெரிந்த பின்னர் அவருக்கு நிம்மதி இல்லாமல் போயிற்று. மகனை நினைக்கும்போதெல்லாம் அந்த அட்டைகளும் கூடவே நினைவுக்கு வந்ததாகவும், அழுகையும் கோபமும் குமட்டலும் மேலிட்டதாகவும் அவர் சாட்சியம் அளித்தார். மனச்சோர்வு கடுமையாகி, அவருக்கு இருந்த நீரிழிவு நோயும் முற்றியதாக நிபுணர்கள் சாட்சி கூறினார்கள். பெற்ற பிள்ளையை ஒரு தகப்பன் ஒருமுறைதான் அடக்கம் செய்ய முடியும். அந்த ஒருமுறையை இவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்பதே அவருடைய முறையீட்டின் சாரம்.

வேண்டுமென்று மன வேதனை உண்டாக்கியதற்காக அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜூரிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்மானித்து 29 லட்சம் டாலர் ஈட்டுத் தொகையும் 80 லட்சம் டாலர் தண்டனைத் தொகையும் வழங்கச் சொன்னார்கள். நீதிபதி தண்டனைத் தொகையை 21 லட்சமாகக் குறைத்தார். ஆக மொத்தம் 50 லட்சம் டாலர். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தீர்ப்பை ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை, எதிர்த் தரப்பினரின் செலவுத் தொகையாக ஏறத்தாழ 16,500 டாலரைத் தந்தையே கொடுக்கவேண்டும் என்றும் பின்னர் உத்தரவாயிற்று. மகனை இழந்தவர் அவனைச் சபித்தவர்களுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று நாடெங்கும் மக்கள் கொதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

தீர்ப்பும் மறுப்பும்

2011-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் தந்தைக்கு எதிராகவும் ஒருவர் மட்டும் சாதகமாகவும் கருத்துரைத்தார்கள். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்று 1791 முதல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் விதித்து வருகிறது. அத்திருத்தமே இத்தீர்ப்பின் அடிப்படை.

நீதிபதிகள் அந்த அட்டைகளைப் பாராட்டினார்கள் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. அவை மனத்தைப் புண்படுத்துகின்றன என்பதையும், தந்தையின் வேதனை அளவிடற்கரியது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் முன் நின்ற கேள்வி வேறு. அந்தப் பேச்சு எதைப் பற்றியது? எங்கே பேசப்பட்டது? எவ்வாறு பேசப்பட்டது? நாட்டின் ஒழுக்கம், படையின் கொள்கை, கத்தோலிக்க சபையின் நடத்தை ஆகியவற்றைப் பற்றியனவாகவே அட்டைகளில் பெரும்பாலானவை இருந்தன. கருத்து எவ்வளவு கீழ்த்தரமானதாயினும் விஷயம் பொது விஷயம். நின்ற இடம் பொதுத் தெருவின் ஓரம். நின்ற முறை அமைதியானது. போலீசார் சொற்படி நடந்தது. இம்மூன்றும் சேர்ந்திருக்கையில், கேட்டவர் மனம் புண்பட்டது என்ற காரணத்தைக் கொண்டு மட்டும் பேசியவரைத் தண்டிக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது.

இங்கே கூர்ந்து கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஜூரிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி, இந்த நடத்தை பொறுக்க முடியாத அட்டூழியமா என்பது. அதற்கு அளவுகோல் எது? ஜூரிகளாக அமர்ந்திருப்பவர்களின் சொந்த விருப்பு வெறுப்பைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. அதே தெருவோரத்தில், அதே தொலைவில், வீரரைப் போற்றும் அட்டைகளோடு சிலர் நின்றிருந்தால் யாரும் வழக்குத் தொடர்ந்திருக்க மாட்டார்கள். ஆகவே, தண்டனைக்குக் காரணம் நின்றதன்று, சொன்ன கருத்தே. ஊராருக்குப் பிடிக்காத கருத்தை ஊரிலிருந்தே பொறுக்கி எடுத்த சிலர் தண்டிக்கலாம் என்று விட்டுவிட்டால், நாளைக்குப் பிடிக்காமற்போவது யாருடைய கருத்தாக இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நீதிமன்றம் அஞ்சியது இதற்குத்தான்.

மாறுபட்டு நின்ற ஒரே நீதிபதி சாமுவேல் அலிட்டோ. அவர் கூற்றும் எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. அமெரிக்காவில் பேசுவதற்கு எண்ணற்ற தெருக்களும் பூங்காக்களும் உள்ளன. பத்திரிகைகளும் வானொலியும் உள்ளன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, தனி மனிதர் ஒருவர் பேராற்றாமையில் இருக்கும் நேரத்தைத் தேடி வந்து தாக்குவது கருத்துப் போராட்டம் ஆகாது என்றார். அந்த அட்டைகளில் சில இறந்த வீரரையே குறித்தன என்றும், துக்கத்தைத் தூண்டிலாக்கி விளம்பரம் பிடிப்பதே அவர்கள் தந்திரம் என்றும் எடுத்துக் காட்டினார். பொது விஷயம் என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டால் தனி மனிதனை எவ்வளவு வேண்டுமானாலும் காயப்படுத்தலாமா என்பதே அவர் எழுப்பிய வினா. தீர்ப்பை ஏற்கிறவர்களும் இந்த வினாவுக்கு எளிதில் விடை கூறிவிட முடியாது.

அடிக்கணக்கும் மணிக்கணக்கும்

அப்படியானால் துக்கப்படுகிறவனுக்குச் சட்டத்தின் துணை இல்லவே இல்லையா? உண்டு. அது எந்த வடிவில் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால் தீர்ப்பின் பொருள் நன்கு விளங்கும்.

தீர்ப்பு வந்த காலத்தில் அமெரிக்காவின் 44 மாநிலங்களிலும், மத்திய சர்க்கார் அளவிலும், சவ அடக்க இடத்துக்கு அருகில் மறியல் செய்வதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இருந்தன. மேரிலாந்திலும் பின்னர் இயற்றப்பட்டது. 2006 மார்ச்சில் மட்டும் அங்கே அது நடைமுறையில் இல்லை. ஒஹாயோ மாநிலச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். சவ அடக்கம் நடக்கும் இடத்திலிருந்து 300 அடிக்குள், அது தொடங்குவதற்கு ஒரு மணி முன்னும் முடிந்து ஒரு மணி பின்னும் யாரும் மறியல் செய்யலாகாது என்று அது விதித்தது. வெஸ்ட்பரோ சபையினர் இதை எதிர்த்து வழக்காடினார்கள். 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. மிஸ்ஸௌரி மாநிலத்தின் மான்செஸ்டர் நகரம் இதே அளவில் செய்த விதியையும் 2012-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. போர்வீரர்களின் சவ அடக்கத்தைப் பொறுத்தவரையில், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம், 300 அடி என்ற கட்டுப்பாடு 2012 ஆகஸ்டில் மத்தியச் சட்டமாயிற்று.

ஐம்பது லட்சம் டாலர் அபராதம் செல்லாது. முந்நூறு அடி விலக்கு மட்டும் செல்லும். இது முரண்பாடு போலத் தோன்றலாம். ஆனால் முரண்பாடு இல்லை. முந்நூறு அடிச் சட்டம் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்ப்பதில்லை. சாபம் எழுதிய அட்டைக்கும் வாழ்த்து எழுதிய அட்டைக்கும் அதன்முன் வேற்றுமை கிடையாது. அது பார்ப்பது கடிகாரத்தையும் தொலைவையும் மட்டுமே. எந்தக் கருத்தையும் அது நாட்டைவிட்டு ஓட்டவில்லை. பிணம் கிடக்கும் வாசலைவிட்டுச் சற்று நகர்ந்து நின்று, சற்று நேரம் கழித்துச் சொல் என்கிறது. அந்த விலக்கும் அளவோடு இருக்கவேண்டும். ஒஹாயோ சட்டம் சவ ஊர்வலத்துக்கும் இத்தகைய தடையை விதித்திருந்தது. ஊர்வலத்தோடு தெருத்தெருவாக நகர்ந்து செல்லும் தடை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வழிப்போக்கன் அறிய முடியாதாகையால், கீழ் நீதிமன்றம் அப்பகுதியை நீக்கிவிட்டது.

சட்டம் நிறுத்திய கோட்டுக்கு அப்பால் உள்ள வேலையை மக்களே ஏற்றுக்கொண்டார்கள். 1998-இல் வயோமிங் மாநிலத்தில் கொலையுண்ட மாத்யூ ஷெப்பர்டு என்ற மாணவரின் சவ அடக்கத்தின்போதும் இச்சபையினர் வந்து நின்றார்கள். மறு ஆண்டு கொலை வழக்கு நடக்கும்போது மீண்டும் வந்தார்கள். அப்போது அம்மாணவரின் நண்பர்கள் வெள்ளைத் துணியால் பெரிய சிறகுகள் செய்து தோளில் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அட்டைகளின் முன்னே வரிசையாக நின்று அவற்றை மறைத்தார்கள். 2005-இல் கான்ஸாஸ் மாநிலத்திலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சிலர் ஒரு சங்கம் கண்டு, வீரரின் குடும்பத்தார் அழைத்தால் மட்டும் சென்று, துக்க வீட்டாருக்கும் மறியல்காரருக்கும் இடையே தேசியக் கொடிகளோடு அணிவகுத்து நிற்கலானார்கள். நாளடைவில் பல மாநிலங்களிலும் அச்சங்கம் பரவிற்று.

இன்னொரு செய்தியும் உண்டு. ஃபெல்ப்ஸின் பேத்தியான மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் குழந்தைப் பருவம் முதல் அட்டை ஏந்தி நின்றவர். இணையத்தில் அவரோடு வாதிட்ட அந்நியர்களுள் சிலர் அவரை ஏசாமல் பொறுமையோடு கேள்வி கேட்டார்கள். அக்கேள்விகள் மனத்தில் வேலை செய்து, 2012-இல் அவர் சபையை விட்டு வெளியேறினார். பின்னர் தம் அனுபவத்தை நூலாகவும் எழுதினார். அபராதம் விதித்திருந்தால் சபையின் பொருள் குறைந்திருக்கும். உள்ளிருந்த ஒருவரின் மனம் மாறியிருக்குமா என்பது ஐயமே.

நம் நாட்டுச் சட்டம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமது அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் குடிமக்களுக்கு அளிக்கிறது. அதே பிரிவு, அவ்வுரிமைகளுக்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தையும் சர்க்காருக்கு வழங்குகிறது. பேச்சுக்குக் கட்டுப்பாடு எவ்வெக் காரணங்களுக்காக என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்பன அவை. இவற்றுள் பொது ஒழுங்கு என்ற காரணம் முதலில் இருக்கவில்லை. பம்பாயில் வெளியான ஒரு வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாதென்று விதித்த தடையை 1950-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன் பின்னர், 1951-இல் முதல் திருத்தத்தால் இக்காரணம் சேர்க்கப்பட்டது. அமெரிக்கர்களின் முதல் திருத்தம் பேச்சுரிமையைத் தந்தது; நமது முதல் திருத்தம் அதற்கு எல்லைகளைக் கூட்டியது. எனினும், ஒருவர் மனம் புண்பட்டது என்பது மட்டுமே அப்பட்டியலில் தனிக் காரணமாக இல்லை என்பதை நாம் மறக்கக்கூடாது.

சவ அடக்கத்தைப் பொறுத்தவரையில் நம் நாட்டில் நெடுங்காலமாகவே தனிச் சட்டம் உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 297-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 301-ஆம் பிரிவாக இருக்கிறது. பிறர் உணர்ச்சியைப் புண்படுத்தும் நோக்கத்தோடு, அல்லது புண்படும் என்று தெரிந்தே, இடுகாட்டிலோ ஈமச் சடங்குக்குரிய இடத்திலோ அத்துமீறி நுழைவதும், பிணத்துக்கு அவமதிப்பு இழைப்பதும், ஈமச் சடங்குக்காகக் கூடியிருப்பவர்களுக்கு இடையூறு உண்டாக்குவதும் குற்றம். ஓராண்டு வரையில் சிறைத் தண்டனை விதிக்கலாம். இறந்தவரைப் பற்றிய அவதூறும் குற்றமாகலாம். அவர் உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் களங்கம் தரத்தக்கதாகவும், அவருடைய குடும்பத்தாரையோ நெருங்கிய உறவினரையோ புண்படுத்தும் நோக்கமுடையதாகவும் அது இருக்கவேண்டும்.

சொல் எது, செயல் எது என்று பிரித்துப் பார்க்க அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று உதவும். 2020 ஏப்ரலில் கொரோனா நோயால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் வண்டியைத் தாக்கியது. நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் நின்று அடக்கத்தை முடிக்க நேர்ந்தது. நோய் பரவும் என்ற அச்சத்தைச் சொல்லுவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. கல்லெறிந்து பிணத்தை மறிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. கண்ணியமான அடக்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று கூறி, சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தொற்று நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையில் சிறை என்று தமிழக அரசும் அவசரச் சட்டம் பிறப்பித்தது.

இவ்வாறு நம் சட்டம் துக்க வீட்டாருக்கு அமெரிக்கச் சட்டத்தைவிடக் கூடுதலான பாதுகாப்பைத் தருகிறது. அதில் நிம்மதியும் உண்டு. எச்சரிக்கைக்கு இடமும் உண்டு. புண்படுத்துதல் என்ற சொல் நீளக்கூடிய சொல். யார் கையில் பலம் இருக்கிறதோ அவர் புண்ணே பெரிதாகத் தெரிவது உலகத்து இயல்பு. இதற்கு அணைபோட்ட தீர்ப்பு ஒன்று ஒரு தமிழ்த் திரைப்படத்தை ஒட்டியே பிறந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் இட ஒதுக்கீட்டு முறையைக் குறைகூறியது. கிளர்ச்சி மூளும் என்று காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றை ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அச்சான்றை மீட்டுக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் செய்வோம், வன்முறை செய்வோம் என்று மிரட்டுகிறவர்களுக்கு அஞ்சிப் பேச்சுரிமையை ஒடுக்கலாகாது. பேசுகிறவனைக் காப்பது அரசின் கடமை. பேச்சுக்கும் அதனால் வரும் என்று அஞ்சும் தீங்குக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கவேண்டும் என்று அத்தீர்ப்பு வகுத்தது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு

பிழைப்புத் தேடி வேறு மாநிலத்தில் குடியேறிய நமக்கு இவ்விஷயத்தில் இருமடங்கு அக்கறை உண்டு. நாம் வாழும் ஊரில் நாம் சிறுபான்மையோர். நம்முடைய மொழியும் கருத்தும் சில வேளைகளில் அங்குள்ள பெரும்பான்மையோருக்கு உவக்காமற் போகலாம். மாநிலங்களுக்கிடையே நதிநீர் பற்றியோ மொழி பற்றியோ தகராறு மூளும் நாட்களில் நாம் ஏந்தும் ஓர் அட்டை, நடத்தும் ஒரு கூட்டம், எழுதும் ஒரு கட்டுரை புண்படுத்துகிறது என்று கூறப்படலாம். ஊராரின் வெறுப்பையே அளவுகோலாகக் கொண்டு பேச்சைத் தண்டிக்கலாம் என்ற கொள்கை வேரூன்றினால், அதன் நிழல் முதலில் நம்மைப் போன்றவர்கள் மீதே விழும். ஃபெல்ப்ஸ் கூட்டத்தாரை நாம் வெறுப்பது நியாயம். அவர்களைக் காப்பாற்றிய தீர்ப்பின் காரணத்தை நாம் வெறுப்பதற்கில்லை.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. இடமும் நேரமும் பார்க்கவேண்டும் என்ற விதி நம்மையும் கட்டும். நம் வழக்கப்படி பறை முழக்கி, வெடி வெடித்து, வழியெல்லாம் பூ இறைத்துச் செல்லும் இறுதி ஊர்வலம் நமக்கு மரியாதை. அவ்வழக்கத்தை அறியாத அண்டை வீட்டாருக்கு அது விழாவின் ஆரவாரமாகவே படலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. போலீசாருக்கு முன்கூட்டியே செல்லும் வழியைத் தெரிவிப்பதும், மருத்துவமனையையும் பள்ளிக்கூடத்தையும் கடக்கையில் முழக்கத்தை நிறுத்துவதும், அயலாரிடம் இரண்டு வார்த்தை சொல்லி விளக்குவதும் நமக்குப் பெரிய சிரமம் அல்ல. நம் துக்கத்துக்கு அவர்கள் வழிவிட வேண்டுமென்றால் அவர்கள் துக்கத்துக்கு நாமும் வழிவிட வேண்டும்.

அந்தத் தந்தைக்குச் சட்டம் கொடுக்க முடியாமற் போனது என்ன என்று எண்ணிப் பார்ப்போம். மகனின் கடைசி நாளை அதுவாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் அமைதி அவருக்கு வேண்டியிருந்தது. ஐம்பது லட்சம் டாலர் கிடைத்திருந்தாலும் அந்த அமைதி திரும்பியிருக்குமென்று சொல்வதற்கில்லை. சவ அடக்கம் நடந்த நகரத்தில் அன்று முந்நூறு அடிச் சட்டமும் இல்லை. இருந்திருந்தாலும் ஆயிரம் அடிக்கு அப்பால் நின்றவர்களை அது தொட்டிருக்காது. சட்டத்தின் கை ஓர் அளவுக்குமேல் நீளக்கூடாது என்று நாம் ஒப்புக்கொள்ளும்போது, அது எட்டாத இடத்தில் துக்க வீட்டாரைக் காக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பொறுப்பு அண்டை வீட்டாருடையது, தெருவில் நிற்பவருடையது, நம்முடையது. சுடுகாடு வரையில் உடன் செல்லும் நம் வழக்கம் அந்தப் பொறுப்பையே குறிக்கிறது. யார் வந்து என்ன சொன்னாலும், இறந்தவரின் பெண்டு பிள்ளைகள் காதில் அது விழாதபடி அவர்களைச் சூழ்ந்து நிற்பதற்கு நமக்கு எந்தக் கோர்ட்டு உத்தரவும் வேண்டியதில்லை.